ஞாயிறுதோறும் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 59. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பும் ஒரு ரைஸ் மில்லும் இருக்கின்றன. 2004இல் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு செஸ்னா 172என் வாங்கினோம். 1979 மாடல். கோவைப் பக்கம் ஒரு ஹேங்கரில் நிற்கிறது. எங்களில் மூத்தவரை எல்லோரும் ஏட்டன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் இரண்டு வருடம் முன்பு காலமாகிவிட்டார். டாக்டர் மஸ்கட்டில் இருக்கிறார், "என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறார். சர்க்கரை வந்த பிறகு எனக்குப் பறக்கத் தேவையான மெடிக்கல் சான்று கிடைக்கவில்லை. பொள்ளாச்சியில் கயிறு மில் வைத்திருக்கும் தம்பி ஒருவன்தான் இப்போதும் ஓட்டுகிறான். போன வருடம் மொத்தம் 11 மணி நேரம் பறந்தது. வாடகை, காப்பீடு, ஆண்டு ஆய்வு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 9 லட்சத்து 60 ஆயிரம் ஆகிறது. ஏட்டன் பங்கையும் நானே கட்டுகிறேன். இன்ஜின் ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது) முடிந்து 640 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. ஆனால் ஓவர்ஹால் நடந்தது 2015இல் என்பதால் அடுத்த வருடம் திரும்பச் செய்ய வேண்டுமாம், 32 லட்சம் எஸ்டிமேட். தம்பி செய்துவிடலாம் என்கிறான். போன வருடம் ஒரு பயிற்சிப் பள்ளி 28 லட்சத்துக்குக் கேட்டது, நாங்கள் 45 சொன்னோம், போய்விட்டார்கள். ஏட்டனின் மனைவி ஏட்டத்தி விற்க வேண்டாம் என்கிறார். தம்பி ஞாயிறுதோறும் போய், புரொப்பெல்லரைக் கையால் நாலு சுற்றுச் சுற்றி, பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு வருகிறான், அதனால் இன்ஜின் நன்றாகவே இருக்கிறது. விற்பதா, வைத்துக்கொள்வதா?

பதில்:

அன்புள்ள ஐயா,

விற்றுவிடுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் தம்பிக்குப் போன் செய்து, வரும் ஞாயிற்றுக்கிழமை இன்ஜினைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் நல்லது செய்வதாக நினைத்துத்தான் ஒவ்வொரு வாரமும் பொள்ளாச்சியிலிருந்து கிளம்புகிறார். ஆனால் உங்கள் கையில் மிஞ்சியிருக்கும் விலையை அரித்துக்கொண்டிருப்பதே அந்தப் பத்து நிமிடம்தான்.

உங்கள் லைகமிங் இன்ஜினில் கேம் ஷாஃப்ட், அதாவது வால்வுகளைத் திறக்கும் தண்டு, மேலே, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டுக்கும் மேலே இருக்கிறது. இன்ஜின் நின்றால் எண்ணெய் முழுக்கக் கீழே வடிந்துவிடும். கேம் ஷாஃப்டின் மேல் ஒரு மெல்லிய படலம்தான் மிச்சம். புரொப்பெல்லரைக் கையால் சுற்றும்போது அந்தப் படலத்தையும் வழித்து எடுத்துவிடுகிறோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி புகையோடு வெளியே போகும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி கிராங்க் கேசுக்குள் இறங்கும். வானத்தில் ஒரு மணி நேரமாவது பறந்து, எண்ணெய் 75 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகி நின்றால்தான் அந்த ஈரம் வெளியேறும். தரையில் பத்து நிமிடத்தில் எண்ணெய் வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான். நீங்கள் மில் வைத்திருப்பவர், உங்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. அவித்த நெல்லைக் களத்தில் காயப்போடாமல் சூட்டோடு மூட்டை கட்டி அடுக்கினால் என்ன ஆகுமோ, அதுதான் அந்தக் கேம் ஷாஃப்டுக்கும் ஆகிறது. வாரம் ஒரு மூட்டை.

உங்கள் விமானத்தில் இது இன்னும் கவலைக்குரியது. 1977 முதல் 1980 வரை வந்த 172என் மாடலில் இருப்பது ஓ-320 எச்2ஏடி என்ற 160 குதிரைத்திறன் இன்ஜின். கேம் ஷாஃப்டும் அதன் மேல் உரசும் டாப்பெட்டும் தேய்வதில் அதற்குத் தொடக்கம் முதலே கெட்ட பெயர் உண்டு. எல்டபிள்யூ-16702 என்ற சேர்மானத்தை எண்ணெயில் கலக்கச் சொல்லி லைகமிங் நிறுவனமே உத்தரவு போட்டது அதனால்தான். 1981இல் அடுத்த மாடல் வந்தபோது செஸ்னா இந்த இன்ஜினை விட்டுவிட்டு வேறு வகைக்குப் போய்விட்டது. அடிக்கடி பறந்தால் இந்த இன்ஜின் நன்றாகவே உழைக்கும், அப்படி உழைத்தவற்றை நான் கையால் பிரித்துப் பார்த்திருக்கிறேன். சும்மா நிற்பதுதான் இதற்கு ஆகாது. பாலக்காட்டுக் கணவாய் வழியே அரபிக்கடல் ஈரத்தை இழுத்துக்கொண்டு வரும் காற்று வீசும் ஊரில் இது சும்மா நிற்கிறது.

இன்ஜினின் உண்மையான நிலை தெரிய ஒரு வழி இருக்கிறது. ஆண்டு ஆய்வு செய்கிறவர் அல்லாத வேறொரு பராமரிப்புப் பொறியாளரைக் கூப்பிட்டு, எண்ணெய் ஃபில்டரை உங்கள் கண் முன்னால் அறுக்கச் சொல்லுங்கள். உள்ளே துருத்தி மாதிரி மடித்த காகிதம் இருக்கும். அதை வெட்டி எடுத்து, எண்ணெயைப் பிழிந்து, வெயிலில் விரித்துப் பிடித்தால் மடிப்புகளுக்குள் என்ன சிக்கியிருக்கிறது என்று தெரியும். கருப்புத் தூள் கரி, அதனால் பயமில்லை. வெள்ளி மாதிரி மின்னும் துகள் இருந்தால் ஒரு காந்தத்தைக் காகிதத்துக்கு அடியில் நகர்த்திப் பாருங்கள். துகள் காந்தத்தோடு சேர்ந்து நகர்ந்தால் அது எஃகு, பெரும்பாலும் கேம் ஷாஃப்டிலிருந்தோ டாப்பெட்டிலிருந்தோ வந்தது. கூடவே நாலு சிலிண்டருக்கும் அழுத்தச் சோதனை, போர்ஸ்கோப் என்ற குட்டிக் கேமராவை உள்ளே விட்டு வால்வுகளின் படம். 80 அளவு அழுத்தம் கொடுத்து, அதில் 70க்கு மேல் சிலிண்டரில் நின்றால் நிம்மதி, 60க்குக் கீழே போனால் அந்த சிலிண்டரைக் கழற்றியாக வேண்டும். ஒரு நாள் வேலை. இந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொள்ளாமல் யாரிடமும் விலை பேசாதீர்கள். எப்படியும் வாங்க வருகிறவர் ஆளைக் கூட்டிவந்து இதையேதான் செய்வார். அவர் கண்டுபிடித்துச் சொன்னால் விலை இறங்கும். நீங்களே முன்கூட்டிக் காட்டினால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

பணக் கணக்குக்கு வருவோம். 9 லட்சத்து 60 ஆயிரத்தை 11 மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். பெட்ரோல் போடுவதற்கு முன்னாலேயே மணிக்கு 87 ஆயிரம். 28 லட்சத்துக்கும் 45 லட்சத்துக்கும் நடுவில் 17 லட்சம் இருக்கிறது. அதற்காகக் காத்திருக்கத் தொடங்கினால் 21 மாதத்தில் அந்த 17 லட்சமும் வாடகையாகவும் காப்பீடாகவும் போய்த் தீர்ந்திருக்கும், விமானத்துக்கும் இரண்டு வயது கூடியிருக்கும். போன வருடம் வந்தது நல்ல விலை. அதை விட்டதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. ஆசையாக வாங்கிய பொருளுக்கு மனசு ஒரு விலை வைத்திருக்கும்.

ஓவர்ஹால் செய்துவிட்டு விற்றால் கூடுதல் விலை கிடைக்குமே என்று தம்பி கேட்பார். 32 லட்சம் செலவழித்தால் விலை 32 லட்சம் ஏறாது, அதில் பாதி ஏறினாலே அதிகம். இன்ஜின் புதிதாகலாம். இறக்கை, உடல், வயரிங் எல்லாம் 1979தான். லைகமிங் சொல்லும் கெடு 2000 மணி நேரம் அல்லது 12 ஆண்டு, எது முந்துகிறதோ அது. உங்களுக்கு 12 ஆண்டு முந்துகிறது. அடுத்த வருடம் அந்தத் தேதி கடந்த பிறகு வருகிறவர் அந்த 32 லட்சத்தைக் காட்டித்தான் விலையைக் குறைத்துக் கேட்பார். இன்றைக்கு வருகிறவருக்கு இன்னும் சில மாதப் பறப்பு மிச்சம் இருக்கிறது.

வாங்குகிறவரின் ஆள் இன்ஜினுக்கு அடுத்துப் பார்ப்பது இருக்கைக்கு அடியில். முன்னிருக்கை நகரும் தண்டவாளத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும், இருக்கையின் ஊசி அதில் விழுந்து பூட்டிக்கொள்ளும். வருடக்கணக்கில் துளைகள் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்துவிடும். அப்புறம் ஓடுபாதையில் மூக்கைத் தூக்கும் நேரத்தில் இருக்கை பின்னுக்கு ஓடும். கையில் பிடித்திருக்கும் கன்ட்ரோலும் கூடவே பின்னுக்கு வரும், விமானம் செங்குத்தாக எழும். இப்படி உயிர்கள் போனதால்தான் 1987இல் அமெரிக்க விமானத் துறை இதற்கென்று கட்டாய ஆய்வு உத்தரவு போட்டது. உங்கள் லாக் புக்கில் அந்த ஆய்வு ஒவ்வொரு முறையும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். துளை தேய்ந்திருந்தால் தண்டவாளத்தை மாற்றிவிடுங்கள். விற்கப் போகிற விமானம்தானே என்று இதில் மட்டும் கையைச் சுருக்காதீர்கள். அதில் உட்காரப் போவது யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை.

இனி ஆட்கள் விஷயம். உண்மையில் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பதிவுச் சான்றிதழ் நாலு பேர் பெயரில் இருந்தால் விற்பனைப் பத்திரத்திலும் நாலு பங்குக்கும் கையெழுத்து வேண்டும். டாக்டரின் வாட்ஸ்அப் செய்தி எதற்கும் உதவாது. மஸ்கட் இந்தியத் தூதரகத்தில் அவர் உங்கள் பெயருக்கோ தம்பி பெயருக்கோ அதிகாரப் பத்திரம் எழுதிச் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும். பலர் இந்தக் கெடுவைக் கவனிக்காமல் திரும்ப எழுதி வாங்குகிறார்கள். ஏட்டன் உயில் எழுதாமல் போயிருந்தால், ஏட்டத்தி மட்டும் வாரிசு ஆகமாட்டார். பிள்ளைகள் எல்லோருக்கும், அவருடைய தாயார் இருந்தால் அந்த அம்மாவுக்கும் பங்கு உண்டு. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு இப்போதே மனுக் கொடுங்கள், வாங்குகிறவர் வந்து நின்ற பிறகு ஓடாதீர்கள். டி.ஜி.சி.ஏ. எனும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் இ-ஜி.சி.ஏ. இணையதளத்தில் உரிமை மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும்போது இந்தக் காகிதங்கள் எல்லாம் தேவைப்படும். வாங்கிய காலத்தில் வங்கிக் கடன் இருந்து, சான்றிதழில் அடமானக் குறிப்பு இருந்தால், கடன் தீர்ந்தது என்ற கடிதமும் வேண்டும்.

இரண்டு வருடமாக ஏட்டன் பங்கை நீங்கள் கட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். அது 4 லட்சத்து 80 ஆயிரம். நீங்கள் கேட்கக் கூச்சப்படுவீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. ஆனாலும் ஒரு தாளில் எழுதி, மூன்று வீட்டுக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்று பிறகு விட்டுக்கொடுப்பது உங்கள் பெருந்தன்மை. எழுதாமல் விட்டால், நாளைக்கு ஏட்டனின் பிள்ளைகள் காலத்தில் அது சண்டையாகத்தான் முளைக்கும்.

தம்பிக்கு விமானம் வேண்டும் என்றால் அவர் கேட்பதில் நியாயம் உண்டு, நாலு பேரில் இன்னும் பறப்பவர் அவர் ஒருவர்தான். நம் வீடுகளில் பாகம் பிரிக்கும்போது, பிரிக்கிறவன் கடைசியில் எடுக்க வேண்டும் என்பார்கள். அதையே இங்கே வையுங்கள். ஒரு கால் பங்குக்கு என்ன விலை என்று தம்பியே சொல்லட்டும். அந்த விலைக்கு மற்ற மூன்று பங்கையும் அவர் வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் அதே விலைக்குத் தன் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும். எது என்று தீர்மானிப்பது நீங்கள் மூவரும். அப்போது அவர் கூட்டியும் சொல்லமாட்டார், குறைத்தும் சொல்லமாட்டார். 30 நாள் கெடு வையுங்கள். அவர் வாங்கினால் ஓவர்ஹாலும் ஹேங்கர் வாடகையும் அன்றிலிருந்து அவருடையது. இதைச் செய்யாமல் நேராக வெளியாளிடம் போனால் இருபது வருடச் சிநேகிதம் போய்விடும்.

அவர் வேண்டாம் என்றால் முதலில் அந்தப் பயிற்சிப் பள்ளிக்கே போன் செய்யுங்கள். 172 வைத்திருக்கும் பள்ளிகளுக்கு விமானமாக வேண்டாம் என்றாலும் உதிரிபாகமாக வேண்டியிருக்கும். உங்கள் ஏ.ஆர்.சி., அதாவது பறக்கத் தகுதி ஆய்வுச் சான்றிதழ், உயிரோடு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அது ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். செல்லுபடியாகும் காலத்துக்குள் விற்றால் வாங்குகிறவர் பறந்து எடுத்துப் போவார். காலாவதியானால் இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்ற வேண்டியிருக்கலாம், அந்தச் செலவு உங்கள் விலையில்தான் குறையும். ஜூனில் மழை பிடிப்பதற்கு முன் முடிக்கப் பாருங்கள். விலை பேசி முடியும்வரை இன்ஜினைப் பாதுகாப்பு முறையில் மூடி வைக்கச் சொல்லுங்கள்: காப்பு எண்ணெய் ஊற்றி, ஸ்பார்க் பிளக் இடத்தில் ஈரம் உறிஞ்சும் பிளக் போட்டு, புகைக்குழாயை அடைத்துவிடுவார்கள். அந்தப் பிளக்கின் உள்ளே நீல மணிகள் இருக்கும். அவை இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும். தம்பியின் ஞாயிற்றுக்கிழமை வேலை இனி அந்த நிறத்தைப் பார்ப்பதுதான். பறக்காத மாதங்களுக்குக் காப்பீட்டைத் தரையில் நிற்பதற்கு மட்டும் என்று மாற்றினால் பிரீமியமும் குறையும்.

லாக் புக்குகள் இன்று எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள். உடலுக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று, புரொப்பெல்லருக்கு ஒன்று. முதல் பக்கத்திலிருந்து இருந்தால்தான் அது விமானம். ஒன்று தொலைந்தாலும் பாதி விலை போய்விடும்.

ஒருவரும் முழுதாக வாங்கவில்லை என்றால் பிரித்து விற்கலாம். அதற்கு ஒரு வருடம் பிடிக்கும், பொறுமையான ஆள் வேண்டும், சி.ஏ. ஃபார்ம் 1 என்ற தகுதிச் சான்று இல்லாமல் அந்தப் பாகங்களை வேறு விமானத்தில் மாட்ட முடியாது. அதைவிட, விமானப் பராமரிப்புப் படிப்பு நடத்தும் கல்லூரிக்குச் சும்மாவே கொடுத்துவிடுவது நல்லது என்று நான் நினைக்கிறேன். பிள்ளைகள் கையால் கழற்றி மாட்டிப் பழகட்டும். பழைய இரும்புக் கடைக்குப் போனால் மொத்தம் 650 கிலோகூடத் தேறாது. எந்த வழியில் போனாலும் பதிவை ரத்து செய்யுங்கள், வாலுக்குப் பக்கத்தில் இருக்கும் இ.எல்.டி. எனும் அவசர சமிக்ஞைக் கருவியின் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். லாரியில் குலுங்கி அது விழித்துக்கொண்டால் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குக் கூப்பிடும், அதைக் கேட்கும் பெங்களூரு மையம் விபத்து என்று எண்ணித் தேடச் சொல்லி எச்சரிக்கும்.

முடிவெடுக்காமல் விடுவதுதான் நான் பயப்படுவது. பல வருடம் முன்பு ஒரு விமானத்தளத்தில், நாலு பேர் சண்டையில் ஏழு வருடம் நின்ற ஒரு இரட்டை இருக்கை விமானத்தைப் பார்க்கச் சொல்லி என்னை அழைத்தார்கள். வேகமானிக்குக் காற்று வாங்கும் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. இறக்கையைத் தட்டினேன், அலுமினியம் பொருக்காக உதிர்ந்தது. ஒரு காலத்தில் நல்ல விமானம். எடைக்குப் போட்டார்கள்.

கடைசியாக ஏட்டத்தி. அவர் விற்க வேண்டாம் என்று சொல்வது விமானத்துக்காக இல்லை என்று உங்களுக்கே தெரியும். விமானத்தின் லாக் புக்குகள் வாங்குகிறவரோடு போய்விடும். ஆனால் விமானி தன் பறப்பு மணிகளை எழுதிவைத்த சொந்த லாக் புக் விமானத்தின் சொத்து இல்லை, அது அவர் வீட்டுடையது. ஏட்டனுடையது ஹேங்கர் அலமாரியிலோ மேப் உறையிலோ கிடக்கலாம், தேடி எடுத்துக் கொடுங்கள். அவர் கையெழுத்து இருக்கும் விமானப் பக்கங்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டரும் சிலிண்டரும் சுத்தமாக வந்து, இருக்கைத் தண்டவாளமும் சரியாக இருந்து, ஏ.ஆர்.சி.யும் செல்லுபடியாக இருந்தால், இன்ஜினை மூடிவைப்பதற்கு முன் ஏட்டத்தியை ஒரு தடவை கூட்டிப்போகச் சொல்லுங்கள். முந்தின வாரம் தம்பி ஒரு பயிற்றுநரோடு நாலைந்து முறை ஏறி இறங்கிப் பழகிக்கொள்ளட்டும். சூலூர் விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருப்பதால் அனுமதிகளை முதல் நாளே வாங்கிவிடட்டும். கணவாய்க் காற்று எழும்புவதற்கு முன், காலை ஏழு மணிக்குள் கிளம்ப வேண்டும். ஏட்டத்தியை வலப்பக்க முன்னிருக்கையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள், நெல்லியாம்பதி மலை அந்தப் பக்கம் தெரியும்படி தம்பி கிழக்கு நோக்கிப் பறக்கட்டும்.